சுங்கை பூலோவில் ஒரு தில்லை மரம்

அம்மா ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. தேக்கா, மரினா பே எல்லாம் சுற்றிக் காட்டியாயிற்று. "கடல் பக்கம் எங்கயாவது கூட்டிட்டுப் போடா" என்றார். எங்களுக்குச் சொந்த ஊர் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்திலேயே. மணலைவிடச் சேறுதான் அவருக்குப் பழக்கம் என்று, கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி 925 பஸ்ஸில் சுங்கை பூலோ அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போனேன்.

தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் கிளம்பியிருந்தோம். எதிர்க்கரையில் மலேசியாவின் ஜொகூர் கட்டடங்கள். பாலத்தில் முதலை பார்க்க ஒரே கூட்டம். அம்மா அங்கே நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நின்று, "டேய், இது தில்லைடா!" என்றார்.

தில்லையேதான். மலாயில் இதற்கு 'பூத்தா பூத்தா' என்று பெயர். பூத்தா என்றால் குருடு. பால் பட்டால் கண் போய்விடும் என்று அம்மா எங்களை மிரட்டி வளர்த்ததும் இதே மரத்தைச் சொல்லித்தான். சிதம்பரத்துக்கே பெயர் தந்த மரத்தை இங்கே பார்த்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே அலையாத்தியின் மூச்சு வேர்கள், பென்சில் கனத்தில், ஆயிரக்கணக்கில் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். வேர்களுக்கு நடுவே, சலித்த மாவு போல நைசான புதுச் சேறு படிந்திருந்தது. ஓதம், அதாவது கடல்நீர், ஏறும்போது வரும் கலங்கல் தண்ணீர் இந்த வேர்க்கூட்டத்தில் வேகம் இழக்கிறது. வண்டல் அடியில் தங்குகிறது. மண்ணுக்குள் செத்த வேர்களும் எளிதில் மக்குவதில்லை. இரண்டும் சேர்ந்து தரையை மெல்ல மெல்ல உயர்த்துகின்றன. குளிர்நாட்டுக் கரைகளில் உப்புப் புல்வெளிகள் செய்வதும் இதே வேலைதான். கடல் ஏறினால் காடும் கூடவே ஏறும்.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கடல் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் அலையாத்திக் காடுகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் 2100-க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது இங்குள்ள அறிவியலாளர்களின் கணிப்பு. அது அந்த எல்லையைத் தாண்டிய வேகம்.

ஈடுகொடுக்க முடியாத காடு நிலத்தை நோக்கிப் பின்வாங்கும். விதைகள் மேட்டில் ஒதுங்கி முளைக்கும். அதற்குப் பின்னால் இடம் வேண்டுமே! இங்கே முதுகுப் பக்கம் சாலையும் பண்ணைகளும். பக்கத்துக் கிராஞ்சி ஆற்றின் வாயை 1970-களிலேயே அணை போட்டு அடைத்து நீர்த்தேக்கமாக்கிவிட்டார்கள். குடிதண்ணீர் நமக்கு உயிர். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடலைத் தடுக்க நூறு ஆண்டுகளில் 10,000 கோடி சிங்கப்பூர் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019-இல் அன்றைய பிரதமர் லீ சொன்னார். அந்தப் பணத்தில் சுவருக்கு ஒதுக்குவதுபோல, காடு பின்வாங்கிப் போகக் கொஞ்சம் வெற்று நிலத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன். தெக்கோங் தீவில் அரித்துப்போன கரையில் கல் அடுக்கி, இடையில் கன்று நட்டிருக்கிறார்கள். அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

திரும்பும்போது ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. முருங்கைக்காய் போல நீண்ட சுரபுன்னைக் காய் ஒன்று மிதந்து வந்தது. "எங்க ஒதுங்குதுன்னு பாப்பம்" என்று அம்மா பலகையில் உட்கார்ந்துவிட்டார். அது கரையோரக் கல்லில் முட்டியது, விலகியது, மறுபடி வந்து முட்டியது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.