காசு செலவில்லாமல் கணினிக்குக் காவல்

ஆன்டிவைரஸ் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டு ரொம்ப நாளாகிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸும், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலும் வீட்டுக்குப் போதும் என்பது என் கணிப்பு. அப்டேட்டைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து: 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) உலகையே ஆட்டியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின.

அப்புறம், தினசரி வேலைக்கு, கணினியில் எதையும் மாற்ற அனுமதியுள்ள அட்மின் கணக்கு வேண்டாம். சாதாரணக் கணக்கில் இருந்தால், ஏதாவது நைசாக இன்ஸ்டால் ஆகப் பார்க்கும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், 'நான் எதையும் போடச் சொல்லவில்லையே' என்று அப்போதுதான் உறைக்கும். எனக்கு உறைத்தது, இலவச பிடிஎஃப் கன்வர்ட்டர் ஒன்றை இறக்கிய ராத்திரியில்.

பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.