ஜனவரி 1, 1990 அன்று பிறந்த பிள்ளைகள்

சேலம் அம்மாப்பேட்டையில் பதினான்கு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது எல்லாம் வெளியே தெரிகிற வேலை. வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு, ஜிமெயில் போட்டுக் கொடுப்பது. புது போனை ஆன் செய்ததும் அது ஜிமெயில் கேட்கும். தறியை நிறுத்திவிட்டு அவசரமாக வந்து நிற்கிறவர், "அதெல்லாம் நீயே போட்டுடு கண்ணு" என்பார். நானும் போடுவேன். பிறந்த தேதி கேட்கிற இடத்தில் விரல் தானாக 1-1-1990 என்று அடித்துவிடும். பின்னால் நாலு பேர் நிற்கும்போது தேதி விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ரீசெட் போட்டால் போன் பழைய ஜிமெயிலைக் கேட்டு மல்லுக்கு நிற்கும் என்பதால், எல்லார் விவரத்தையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்போது அது வாடிக்கையாளர் சேவை என்று நினைப்பு.

2020இல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தது. வீட்டில் தறிக்குப் போட வைத்திருந்த காசை எடுத்து வந்து போன் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே தேதிதான். ஏழாவது படிக்கும் பையனுக்கு என் கடைக் கணக்குப்படி 30 வயது. யூடியூப் அவனைப் பெரிய ஆளாக நினைத்து வீடியோ காட்டும். ப்ளே ஸ்டோர் 18+ போட்ட கேமையும் கேள்வி கேட்காமல் இறக்கும். வயது குறைந்தவர்களுக்கென்று கூகுள் வைத்திருக்கிற தடுப்பு எதுவும் அவன் பக்கம் எட்டிப் பார்க்காது. பிள்ளைகள் பொய் வயது போட்டு உள்ளே நுழைகிறார்கள் என்று பெரியவர்கள் புலம்புகிறார்கள். எங்கள் ஏரியாவில் அந்தப் பொய்யை அடித்தது நான்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தை வாங்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் சட்டமே வந்தது. கவுண்டரில் யார் அதைப் பார்க்கிறார்கள்?

அப்புறம் வந்தது லாக் கேட்கிற கூட்டம். "ஒரு லாக் போட்டுக் குடுங்கண்ணா, பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நோண்டறான்." ஃபேமிலி லிங்க் என்கிற கூகுள் ஆப்பைப் போட்டுக் கொடுப்பேன். அது நல்ல ஏற்பாடுதான். எந்த ஆப் இறக்கலாம் என்று அப்பா போனுக்குக் கேள்வி வரும், ராத்திரி ஒன்பதுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் கேள்வி வரும்போது அப்பா பட்டறையில் இருப்பார். போன் கையில் கிடைத்ததும் பையனே 'சம்மதம்' தட்டிவிடுவான். அப்பா போனின் பேட்டர்ன் அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். அவர் போனை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் காட்டினேன். எண்ணெய்க் கை போட்ட கோடு அப்படியே தெரிந்தது.

இன்னொரு நாள் ஒரு அம்மா மகன் போனைக் கொண்டுவந்து, "எல்லாம் பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல" என்றார். அதில் இரண்டு கால்குலேட்டர் இருந்தது. ஒரு போனுக்கு எதற்கு இரண்டு? ஒன்று கணக்குப் போட. இன்னொன்றில் நாலு எண் தட்டி சமக் குறி போட்டால் படங்கள் இருக்கும் அறை திறக்கும். நான் திறக்கவில்லை, என்ன எண் என்றும் கேட்கவில்லை. அடுத்தவர் போனில் கேலரிக்குள் போகக்கூடாது என்பது இந்தத் தொழிலில் நான் விடாமல் காப்பாற்றி வரும் ஒரே ஒழுங்கு. அது என்ன ஆப் என்று மட்டும் சொன்னேன். "வீட்டுக்குப் போய் அடிக்காம கேளுங்கக்கா" என்றேன். கேட்டாரா, அடித்தாரா, தெரியாது.

பணம் போகிற கதைகள் தனி. பையன் கேமில் டைமண்ட் வாங்கி அப்பா கணக்கைக் காலி செய்திருப்பான். பின் நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டால், மளிகைக் கடையில் அவனைத்தானே பணம் போடச் சொல்கிறோம் என்பார்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டு, பின்னை மாற்றச் சொல்லி அனுப்புவேன். சரி, அது ஆறும். ஆறாதது வேறு.

ஒரு நாள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். கண்ணாடி மேல் போனை எறிகிற மாதிரி வைத்தார். பத்தாவது படிக்கிற மகளுடையது. "எல்லாத்தையும் அழிச்சுடு தம்பி. ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது." முகம் சரியில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பேக்கப் எடுக்கட்டுமா என்றதற்கு மட்டும் வேண்டாம் என்றார். ரீசெட்டுக்கு நாலு நிமிடம் ஆனது. இருநூறு ரூபாய் வாங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் வந்தார்கள். யாரோ ஒருவன், ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்த அந்தப் பெண்ணின் படத்தை வேறு மாதிரி மாற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டியிருக்கிறான். அப்பா கோபத்தில் போனைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். இப்போது புகார் கொடுக்கப் போன இடத்தில் நம்பரைக் கேட்கிறார்கள், மெசேஜைக் காட்டச் சொல்கிறார்கள். நம்பர் யாருக்கும் மனப்பாடம் இல்லை. பேசியதும் வாட்ஸ்அப் காலில்தான், சிம் கம்பெனிக் கணக்கில் அது வராது. "திரும்ப எடுத்துத் தர முடியுமா?" என்று அம்மா கேட்டார். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியே சேமிக்கப்படுகிறது. ரீசெட் போட்டால் சாவியே அழிந்துவிடும். முடியாது என்றேன். அந்தப் பெண் அதுவரை பேசவே இல்லை. அப்போதுதான் சொன்னாள்: "எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேண்ணா. அப்பாகிட்டக் காட்டத்தான்."

நினைவில் இருந்ததை வைத்துப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஆள் அகப்பட்டானா என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு யார் வந்து "எல்லாத்தையும் அழி" என்றாலும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறேன். அழிக்க வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம். நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் பிளாக் செய்யலாம். 1930 என்பது முக்கியமாகப் பணம் போனால் கூப்பிட வேண்டிய எண். பிள்ளை சம்பந்தப்பட்டது என்றால் எந்நேரமும் 1098ஐக் கூப்பிடலாம். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் அங்கே புகார் பதியலாம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று சொன்னால் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள். அந்த நீள நோட்டையும் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினேன். அந்தக் கணக்குகளில் எத்தனை பேர் இன்னும் நான் வைத்த பாஸ்வேர்டோடு இருக்கிறார்களோ.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா மகனோடு வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததில் பையன் முகம் வெளிறி இருந்தது. உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றி அந்தப் போனைப் பையனுக்குக் கொடுப்பது, அவருக்குப் புதிதாக ஒன்று வாங்குவது என்று திட்டம். நானாகவே லாக் பேச்சை எடுத்தேன்.

"லாக்கு எதுக்கு சாமி? எனக்கு எழுத்து தெரியாது. ராத்திரி சோறு தின்னும்போது, இன்னிக்கு அதுல என்ன வந்துச்சுன்னு இவனையே படிச்சுக் காட்டச் சொல்லுவேன்."

பையன் நெளிந்தான். ஒரு நாள் இருபத்தைந்து லட்சம் பரிசு விழுந்திருப்பதாக வந்ததைப் படித்துக் காட்டினானாம். "நம்மள எவனுக்குத் தெரியும்னு அவ்வளவு குடுக்கறான்னு கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியல. விட்டுட்டான்."

பையனுக்குப் புது ஜிமெயில் போட உட்கார்ந்தேன். பிறந்த தேதி கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்ததை ஒப்பித்தான், பதினோரு வயது. உண்மைத் தேதியை அடித்ததும் பெற்றோரின் அனுமதி வேண்டும், அவருடைய கணக்கைக் கொடு என்று திரை கேட்டது. அந்த அம்மாவின் பழைய கணக்கு எது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சரி, முதலில் உங்களுக்கு ஒன்று போட்டுவிடலாம் என்று புது போனை எடுத்தேன்.

"உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"காப்பி பூத்த சமயம்னு எங்கம்மா சொல்லும். வருசமெல்லாம் யாருக்குத் தெரியும்? நீயே ஏதாச்சும் போட்டுடு சாமி."

கொஞ்ச நேரம் யோசித்தேன். 1-1-1990 என்று அடித்தேன்.