அம்மா புளி போட்டுத் தேய்த்த கல்

மிச்சிகனுக்குக் குடிவந்த பிறகு மதுரைக்குப் போகும்போதெல்லாம் சாக்லேட்டோடு நாலைந்து பெட்டோஸ்கி கற்களும் என் பெட்டியில் இருக்கும். 1965 முதல் இதுதான் மிச்சிகன் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கல். இந்த நிலம் வெப்பக் கடலின் அடியில் கிடந்தபோது, 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த பவளங்களின் புதைபடிவம். ஏரிக்கரையில் நாமே பொறுக்கலாம், மாநில நிலங்களில் ஆண்டுக்கு 25 பவுண்டு வரை. ஆனால் காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறக் கல்தான். நனைத்தால் மட்டுமே அறுகோணங்கள் தெரியும்.

அதனால் பரிசுக்கு மெருகேற்றியதையே வாங்குகிறேன். முதலில் கண்களைப் பார்ப்பேன்: ஒவ்வொரு அறுகோணத்தின் நடுவிலும் கறுத்த புள்ளி, சுற்றிலும் கதிர்போல மெல்லிய கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் குடியிருந்த அறை. பிறகு கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு பூசியிருந்தால் சின்னக் குழிகளில் பூச்சு தேங்கி நிற்கும். இணையத்தில் வாங்கிய ஒன்று ஒரே வருடத்தில் உரிந்துவிட்டது. கையால் தேய்த்த கல்லுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு பக்கம் மெருகாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருந்தால் இன்னும் பிடிக்கும்.

அம்மாவுக்குக் கொடுத்ததை அவர் பூஜை அலமாரியில் குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். சுண்ணாம்புக் கல் அல்லவா, புளிப்பு பட்டால் அரித்துவிடும். கல் மங்கிப்போனதை போனில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. முன்பே எச்சரிக்காதது என் தவறு.

அடுத்த முறை போனபோது 400, 600 எண் உப்புத்தாள்களும் மெருகுப்பொடியும் கொண்டுபோனேன். முற்றத்தில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டுவிட்டுத் தேய்த்தோம். ஈரத்தில் தெரிந்த அறுகோணங்கள் காய்ந்ததும் மறைந்தன. அம்மா சளைக்கவில்லை. பழைய வெல்வெட் ரவிக்கைத் துணியில் பொடியைத் தொட்டு அரைமணி நேரம் வட்டமாகத் தேய்த்தார். ஓரத்தில் ஒரு கண் காய்ந்த பிறகும் மறையாமல் நின்றது. "இதோ பார், இதோ பார்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

இப்போது அது ஜன்னலோரம் இருக்கிறது. ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறார். அத்தைக்கு ஒன்று வேண்டுமாம், மெருகேற்றாததாக. தேய்ப்பதை அவரே பார்த்துக்கொள்வாராம்.