நிமோனியாவுக்குப் பிறகு வெளியே நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு

நிமோனியாவிலோ கடுமையான கோவிட்டிலோ படுத்து எழுந்தவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் நடக்கலாம்?" என்பதுதான். தூரக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு ஓரங்கட்டுங்கள். நிமிடத்தைப் பாருங்கள். அதைவிட, மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய நடை சரியா, அதிகமா என்பது பெரும்பாலும் நாளைக்குத்தான் தெரியும்.

காய்ச்சல் இருந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடக்கப் போக வேண்டாம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்திருந்தால் இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் நடை; இந்தத் தொற்றுகள் சில சமயம் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

நிமோனியாவில் இருமலும் மூச்சிரைப்பும் நன்றாகக் குறையவே சுமார் 6 வாரம் ஆகும். 3 மாதத்துக்குப் பிறகும் அசதி மிச்சமிருப்பது சகஜம்.

மூச்சு வாங்கினாலே நுரையீரல் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. படுக்கையில் கிடந்த நாட்களில் தொடைத் தசை கரைந்திருக்கும். வலுவிழந்த தசை சின்ன வேலைக்கே திணறி, லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். அதைச் சமாளிக்கும்போது உடலில் கரியமில வாயு கூடும், அதை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கும். அதனால் நடையோடு கால்களுக்கும் வேலை கொடுங்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருங்கள். சற்று ஓய்வெடுத்துவிட்டு மறுபடி 5.

நடைக்குச் சமதளமான, வீட்டைச் சுற்றிய சிறிய வட்டப் பாதை போதும். நேர்பாதையில் ஒரு சிக்கல் உண்டு: போகும்போது தெம்பாக இருக்கும், களைத்த பிறகு அதே தூரம் திரும்பி வர வேண்டும். வட்டமென்றால் எந்தச் சுற்றிலும் நிறுத்திவிடலாம். நடுவில் உட்கார ஓர் இடம் இருந்தால் இன்னும் நல்லது.

தொடக்கத்தில் 2 நிமிடம் நடை, 1 நிமிடம் நிற்பது, இப்படி 4 முறை. மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால் 3, 4-க்குள் இருக்க வேண்டும்; முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூன்று நாள் ஒரே அளவில் நடந்தும் மறுநாள் தொந்தரவு இல்லையென்றால் மட்டும் கூட்டுங்கள். முதலில் நடக்கும் நேரம், பிறகு ஓய்வைக் குறைப்பது, பிறகு வேகம், கடைசியில் ஏற்றம். இரண்டை ஒன்றாகக் கூட்டினால், சறுக்கும்போது எதனால் என்றே தெரியாது.

நடக்கும்போது இரண்டு அடி வைக்கும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, நான்கு அடி வைக்கும்வரை உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். பலமாக ஊத வேண்டாம். ரொம்ப மூச்சு வாங்கினால் நின்று, முன்னால் சாய்ந்து, கைகளைச் சுவரிலோ தொடையிலோ ஊன்றுங்கள். தோள் நிலைப்பட்டால் கழுத்து, நெஞ்சுத் தசைகள் மூச்சுக்கு உதவும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை நடந்துகொண்டே பார்ப்பதில் பயனில்லை. விரல் ஆடினால் எண்ணும் ஆடும். நின்று, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். ஓய்வில் இருந்ததைவிட 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓய்விலேயே 92-க்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனைதான். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவுகள் வேறு, மருத்துவர் சொன்னதே கணக்கு.

இறக்கத்தில் நடந்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும். அது தசைவலிதான், நோய் திரும்பவில்லை. ஆனால் நடந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் உடம்பே அடித்துப் போட்டதுபோல ஆகி, தூங்கியும் களைப்பு தீராமல், தலை மந்தமானால் விஷயம் வேறு. அப்போது "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு" என்ற வழியே கெடுதல். அந்த அசதி வராத அளவுக்கு நடையைக் குறைத்து, அந்த அளவிலேயே நிற்க வேண்டும். மன உறுதியைக் காட்டும் இடம் இதுவல்ல.

காற்றையும் பாருங்கள். குளிர்காலத்தில் காற்றசைவில்லாத விடியலில் புகை தரையோடு தங்கும். வெயில் ஏறிய பிறகு கிளம்புவது மேல். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் இருமல் குறையும்.

30 நிமிடம் வேகமாக, பேசிக்கொண்டே நடந்தும் மறுநாள் ஒன்றும் ஆகவில்லையென்றால், 1 நிமிட மெல்லோட்டம், 2 நிமிட நடை என்று தொடங்கலாம். துணைக்கு வருகிறவர் உங்களைவிட வேகமானவராக இருந்தால் பேச்சை நீங்களே நடத்துங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் இருவரும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.