அற்புதம் யாருக்கு?

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் அற்புதத்துக்குப் பஞ்சமே இல்லை. ஓ.எல். சோதனையில் கணக்கு பாஸானால் மாமாங்கப் பிள்ளையாரின் அற்புதம், மரத்தில் மோதிய பொடியன் சின்னக் கீறலோடு எழும்பினால் அற்புதம், கனடா விசா வந்தால் கேட்கவே வேண்டாம். பொடியன் அன்றைக்கு ஹெல்மெட் போட்டிருந்ததை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

கொக்கட்டிச்சோலைக் கதையோடு எனக்குச் சண்டை இல்லை. தான்தோன்றீஸ்வரர் கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் "உங்கட கல் மாடு புல் தின்னுமா" என்று நக்கலாகக் கேட்க, நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டதாம், வந்தவர்கள் எடுத்தார்களாம் ஓட்டம். அந்தச் சாணத்தில்தான் கதையின் உயிரே இருக்கிறது, சின்ன வயதில் அந்த இடம் வரும்வரை காத்திருந்து சிரிப்போம். ஊருக்கே பொதுவான கதை, கேட்டு யாருக்கும் நெஞ்சு நோகாது.

சுனாமிக் கதைகள் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் தப்பியவர்களிடம் "கடவுள்தான் உன்னைக் காப்பாற்றினார்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், அதுவும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய் பக்கத்தில் நிற்கும்போதே. அப்போ அந்தப் பிள்ளைகளைக் கடவுளுக்குப் பிடிக்கவில்லையா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்ன ஒரு சாமியாரையும் ஃபாதரையும் நான் இன்னும் காணவில்லை.

கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்த கைக்குழந்தையையே எடுங்கள். அன்றைக்கு 81ஆவதாகச் சேர்க்கப்பட்டதால் 'பேபி 81' என்று பெயர் வைத்து, அற்புதக் குழந்தை என்று உலகம் முழுக்க எழுதித் தள்ளினார்கள். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது மனுசக் கை, பாலூட்டிப் பார்த்தது நேர்ஸ்மார், பெற்றவர்கள் இவர்கள்தான் என்று 2005 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது நீதிமன்றம் கேட்ட மரபணுப் பரிசோதனை.

கத்தோலிக்கரிடம் ஒரு ஒழுங்காவது இருக்கிறது, புதுமை (அற்புதத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) என்று சொன்னால் வத்திக்கான் டாக்டர்மாரிடம் காட்டி விசாரிக்கும். 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் என்ற பாதிரியாரைப் புனிதராக்கும்போது, வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது புதுமையே வேண்டாம் என்று விட்டுவிட்டார் பாப்பரசர் பிரான்சிஸ். எனக்கு அது பிடித்திருந்தது. கண்டி இராச்சியத்தில் அம்மை வந்தவர்களை, மற்றவர்கள் விட்டு ஓடியபோது, கூட இருந்து பார்த்த மனுசன் யோசேப் வாஸ், அதுக்கு மேல் என்ன அத்தாட்சி வேணும்?

ஐசியு வாசலில் பிள்ளை கண் திறந்துவிட்டது என்று ஒரு தகப்பன் அழுதுகொண்டே அற்புதம் என்றால், நான் வாய் திறக்க மாட்டேன். அதே வாசலில் நின்று அதை லைவ் போடுகிற ஆட்களோடுதான் என் சண்டை, ஏனென்றால் பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டு ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.