கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு எட்டு மீன்கள்: இரண்டாம் முயற்சி

முதல் முயற்சி தோற்றது. கொழும்பில் வாங்கிய பன்னிரண்டு கப்பி மீன்களை இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஹட்டனில் இறங்கியபோது பன்னிரண்டும் நீந்திக்கொண்டிருந்தன. மறுநாள் மாலைக்குள் ஏழு செத்துவிட்டன. ஐந்தரை மணிநேரம் வளைந்து வளைந்து மலையேறிய பஸ்ஸைத் தாங்கிய மீன்கள், என் வீட்டுக்கு வந்த பிறகு ஏன் சாக வேண்டும்? இந்தக் கேள்வி பல மாதங்கள் என்னை விடவில்லை.

பதிலின் முதல் பாதி சென்னையில் கிடைத்தது. கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நாள் முழுவதும் கொளத்தூர் மீன் கடைகளில் கழித்தேன். தெருத்தெருவாக வளர்ப்பு மீன்கள்! நீலக் கோடுகள் ஓடிய டிஸ்கஸ் ஜோடி ஒன்றைப் பார்த்தவுடன், விமானத்தில் கொண்டுபோய்விடலாமா என்றுதான் மனம் கேட்டது. கடைக்காரர் பெரியவர். “தம்பி, உங்கள் நாட்டு அனுமதி கையில் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் பார்த்துவிட்டுப் போங்கள், கட்டித் தர மாட்டேன்” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

அவர் சொன்னது சரி. உயிருள்ள மீனை இலங்கைக்குள் கொண்டுவருவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் சுகாதாரச் சான்றிதழும் தேவை. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது என்பதால், மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம் என்ற எண்ணமும் நடக்காது. ஒளித்துக் கொண்டுவருவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். யாரோ ஆசையாக வாங்கிப் பின்னர் ஆற்றிலும் குளத்திலும் விட்ட நைஃப் மீனும் ‘டேங்க் கிளீனர்’ என்று நாம் அழைக்கும் உறிஞ்சி மீனும் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. அந்தக் கணக்கில் என் பெயரும் சேர வேண்டாம். அதோடு டிஸ்கஸுக்கு 28 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். ஹட்டன் குளிரில் அதை வளர்ப்பது மீனுக்கும் கொடுமை, மின்கட்டணத்துக்கும் கொடுமை.

வாங்கவில்லையே தவிர, அவர் மீன் கட்டும் விதத்தை ஒரு மணிநேரம் நின்று பார்த்தேன். இரட்டைப் பை, இரண்டுக்கும் இடையில் செய்தித்தாள். பையின் கீழ் மூலைகளை மடித்து ஒட்டுகிறார், சிறு மீன் மூலையில் சிக்கி நசுங்காமல் இருக்க. தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி முழுவதும் ஒட்சிசன். கட்டுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே இரை நிறுத்தம். அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என் கேள்விக்குப் பதில்: “பையைத் திறந்தபிறகு நேரம் கடத்தாதீர்கள்.”

நான் அதைத்தான் கடத்தியிருந்தேன். கப்பிகள் வந்த அன்று பையைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக முக்கால் மணிநேரம் விட்டேன். பழக்கப்படுத்துகிறேன் என்று நினைப்பு. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஎச் அளவைக் குறைக்கிறது, அதாவது தண்ணீரை அமிலமாக்குகிறது. அந்தத் தாழ்ந்த பிஎச்சில், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, அம்மோனியம் நஞ்சாக மாறுகிறது. பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் நச்சு அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த நஞ்சுக்குள்தான் என் கப்பிகளை முக்கால் மணிநேரம் வைத்திருந்தேன். அவை கட்டுவதற்குச் சற்று முன்புதான் இரை தின்றவை. தொட்டித் தண்ணீர் வேறு 18 பாகை.

இந்த முறை மீனையே மாற்றினேன். நம் நாட்டுக்கே உரிய புலத் ஹப்பயா. சிங்களத்தில் ‘வெற்றிலை மெல்பவன்’ என்று பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தலை வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்துவிடும். ஈரவலயத்து நிழல் ஓடைகளில் வாழும் மீன் என்பதால் 22, 23 பாகையே அதற்குப் போதும். பண்ணையில் பிறந்த குஞ்சுகளாகப் பார்த்து எட்டுக்குச் சொல்லி வைத்தேன். ஓடையில் பிடித்தவை எனக்கு வேண்டாம். கட்டும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே இரையை நிறுத்தும்படி கடையில் கேட்டுக்கொண்டேன்.

தொட்டி ஐந்து வாரங்களுக்கு முன்பே தயார். தோட்டத்துப் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வருவது), குளோரின் இல்லாதது, மென்மையானது. பிஎச் 6.8. ஹீட்டரை 23க்கு வைத்தேன்.

புறப்பட்ட அன்று ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் இரண்டு பைகள், பைக்கு நான்கு மீன். கடைப் பையன் ஒட்சிசனைப் பந்துபோல விறைக்க நிரப்பப் போனான். தடுத்தேன். ஹட்டன் சுமார் 1,260 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கொழும்பைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்பப் பைக்குள் இருக்கும் வாயு விரியும். விரலால் அழுத்தினால் அமுங்கும்படி கட்டச் சொன்னேன். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலை ரயில். பெட்டியைக் கால்களுக்கு இடையில் வைத்து, அம்மாவின் பழைய கம்பளியால் போர்த்தினேன். புறப்படும்போது பெட்டிக்குள் 28 பாகை, நாவலப்பிட்டியில் 26. வட்டவளை தாண்டியதும் குளிர்காற்று அடித்தது; ஜன்னலை மூடும்படி பக்கத்து இருக்கை அம்மாவிடம் கேட்டேன். “உள்ளே குழந்தையா வைத்திருக்கிறீர்கள்?” என்றார். மீன் என்றதும், ஹட்டன் வரை ஜன்னலை அவரே பார்த்துக்கொண்டார். இறங்கும்போது 25. வெளியே தூறல், 19 பாகை. பைகள் இரண்டும் மத்தளம்போல விறைத்திருந்தன. கொழும்பில் முழுதாக நிரப்பியிருந்தால் கட்டு நிச்சயம் கசிந்திருக்கும்.

வீட்டில் அறை விளக்கை அணைத்துவிட்டு, திறக்காத பைகளைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். பிறகு அக்கா மகன் வாளியைப் பிடிக்க, பையை வெட்டி, தண்ணீரை வலை வழியாக வாளிக்குள் ஊற்றி, மீன்களை உடனே தொட்டியில் விட்டேன். ஒரு பைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகவில்லை. அன்று இரை போடவில்லை.

மூன்றாம் நாள் மிகச் சிறியது இறந்தது. வலப்பக்கம் செதில்கள் உதிர்ந்திருந்தன. கடையில் வலையில் துள்ளியபோது பட்ட அடி என்று நினைக்கிறேன். கட்டும்போதே பார்த்தும் மாற்றித் தரக் கேட்காதது என் தவறு. அடுத்த முறை வலைக்குப் பதில் கிண்ணத்தால் அள்ளித் தரச் சொல்வேன்.

இன்று இருபத்தொன்றாம் நாள். ஏழும் இருக்கின்றன. காலையில் பாசிக் கொத்தின் பக்கத்தில் பெரிய ஆண் இன்னொன்றைச் சுற்றிச் சுற்றி விரட்டியது. அதன் தலையில் சிவப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. முட்டை போட்டால் குஞ்சுகளைப் பிரித்து வைக்க மாடியில் இருக்கும் சின்னத் தொட்டியைக் கழுவி, பீலித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.