தனிப்பாடல் பரிசு

ஓபரா பாடகர் பிரின் டெர்ஃபெல் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் 1989 கார்டிஃப் உலகப் பாடகர் போட்டியில்தான் ஆரம்பிப்பார்கள். சைபீரியாவிலிருந்து வந்த திமித்ரி ஹ்வொரஸ்தோவ்ஸ்கி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். வேல்ஸ் பிள்ளையான டெர்ஃபெலுக்குத் தனிப்பாடல் பரிசு. அதை ஏதோ ஆறுதல் பரிசு மாதிரி சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. துணைக்குப் பியானோ மட்டும் இருக்க, ஒரு சின்னப் பாட்டில் ஒவ்வொரு சொல்லையும் உயிரோடு எடுத்து வைப்பவருக்குத் தருகிற பரிசு அது. அதற்குப் பிறகு அவர் செய்த அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

வடக்கு வேல்ஸில் விவசாயக் குடும்பம், தாய்மொழி வெல்ஷ். 2023-இல் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவிலும் அந்த மொழியில்தான் பாடினார். ஓபரா மேடைக்கு வந்தது 1990-இல், வெல்ஷ் தேசிய ஓபராவில், மொசார்ட்டின் 'கோசி ஃபான் துத்தே'யில் குல்யெல்மோ வேடத்தில். அப்புறம் ஃபிகரோ, 1994-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அறிமுகமானதும் அதே வேடத்தில்தான். அவருடைய பேஸ்-பாரிடோன் குரலில், ஆண் குரல்களில் மிகத் தாழ்ந்த பேஸின் கனமும் இருக்கும், அதற்கு மேலே உள்ள பாரிடோனின் உயரமும் எட்டும். அதனால்தான் மொசார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் வேலைக்காரன் லெபொரெல்லோவையும் பாடினார், எஜமானையும் பாடினார். ஃபால்ஸ்டாஃப், ஸ்கார்பியா என்ற வேடங்கள் இரண்டுக்கும் தனிப் பதிவே வேண்டும்.

சரி, வோடனுக்கு வருகிறேன். வாக்னரின் ஓபராக்களில் வரும் இந்தக் கடவுளை அவர் தொட்டது நாற்பது வயதை நெருங்கும்போதுதான். அந்தப் பொறுமைக்கே கும்பிடலாம். 'டி வால்க்யூர' ஓபராவின் இரண்டாம் அங்கத்தில், தான் போட்ட ஒப்பந்தங்களிலேயே தான் சிக்கிக்கொண்டதை வோடன் மகள் ப்ருன்ஹில்டவிடம் சொல்லுவான். ஏறக்குறைய இருபது நிமிடம். தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா அநேகமாக அடங்கிவிடும். அடியில் தாழ்ந்த சுரம் ஒன்று மட்டும் நீண்டுகொண்டிருக்கும். பெரிய குரல் இருந்தால் மட்டும் போதாத இடம் இது. டெர்ஃபெல் இங்கே பாடுகிறாரா, பேசுகிறாரா என்றே பிரிக்க முடியாது. மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றும் பல்லில் பட்டு வெளியே வரும்.

பிறகு கோபம் ஏறி, 'தாஸ் எண்ட' என்று இருமுறை வரும். முடிவு, இனி முடிவுதான் வேண்டும் என்கிறான். முதல் தடவை அரங்கமே அதிரும். அப்புறம் ஒரு நிசப்தம். இரண்டாவது தடவை மூச்சுக்காற்றில் ஒரு சொல், அவ்வளவுதான். பியானோ பக்கத்தில் நின்று பாடுகிற அதே இளைஞனின் குரல். நேற்று இரவு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன்.